விக்கா: நம்பிக்கையா, மோகமா? – வாசகர் கேள்வி பதில்

விக்கா என்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவெடுத்த ஒரு சமயம். நிலவோடு சேர்த்துப் பார்க்கப்படும் தேவி, கொம்புடைய தேவன், ஆண்டுக்கு எட்டுப் பருவ விழாக்கள், பௌர்ணமி வழிபாடு, சடங்காகச் செய்யும் மந்திரம் ஆகியவை அதன் அடிப்படை. சமூக ஊடகத்தைப் பார்த்தால் படிகக் கற்களும் கருப்பு உடையும்தான் விக்கா என்று தோன்றும். வந்த கடிதங்கள் பலவும் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. தேர்ந்தெடுத்தவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விக்கா எனக்கு அறிமுகமானது ஒரு வெப் சீரிஸ் மூலம்தான். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ‘டிவி பார்த்து வந்த கூட்டம்’ என்று ஒதுக்குகிறார்கள். என் நம்பிக்கை போலியா?

எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பதை வைத்து யாரும் உங்களை எடை போட முடியாது தம்பி. விக்காவின் சடங்கு வாசகங்களில் பெரும்பங்கை எழுதியவர் டோரீன் வாலியன்டே. 1952-ல் ஒரு ஜனரஞ்சகப் படப் பத்திரிகையில், மேன் தீவில் இருந்த சூனிய அருங்காட்சியகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் அவர் கடிதம் போட்டார். அந்தக் கடிதம் அவரை, விக்காவை உருவாக்கிய ஜெரால்டு கார்ட்னரிடம் கொண்டு சேர்த்தது. 1953-ல் தீட்சை பெற்றார். அன்றைய பத்திரிகைக் கட்டுரைக்கும் இன்றைய வெப் சீரிஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உள்ளே வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கார்ட்னர் பழமையானவை என்று கொடுத்த வாசகங்களில் அந்த நூற்றாண்டின் மந்திரவியல் எழுத்தாளர் அலெய்ஸ்டர் க்ரௌலியின் வரிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, அவரிடமே நேராகச் சொன்னார். ‘உன்னால் இதைவிட நன்றாக எழுத முடியுமானால் எழுது’ என்கிற பாணியில் பதில் வந்தது. உட்கார்ந்து எழுதினார். தேவி தன் அடியார்களிடம் பேசுவதாக இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் உரைநடை வடிவம் அப்படிப் பிறந்ததுதான். கேள்வி கேட்டார், உழைத்தார், ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1957-ல் கார்ட்னரின் குழு உடைந்ததற்கு முக்கியக் காரணமே விளம்பரம். கார்ட்னர் பத்திரிகைக்காரர்களை விடாமல் கூப்பிட்டார். வாலியன்டேயும் வேறு சிலரும் அதை எதிர்த்தார்கள். கட்டுப்பாடாக இருக்க விதிகள் வகுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தபோது, ‘பழைய சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன’ என்று அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பட்டியலை நீட்டினார் கார்ட்னர். அவர்கள் வெளியேறினார்கள். ஆக, ‘இது நம்பிக்கையா, வெளிச்சத்துக்கு ஆசையா’ என்கிற சண்டை இணையத்தில் முளைத்ததல்ல. விக்காவின் முதல் தலைமுறையிலேயே நடந்தது.

கேள்வி: அப்படியானால் என் ஈடுபாடு உண்மைதானா என்று நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? (இதே கேள்வியை ஐந்தாறு பேர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள்.)

உண்டு. மரபான குழுக்கள் தீட்சைக்கு முன் ‘ஓர் ஆண்டும் ஒரு நாளும்’ காத்திருக்கச் சொல்வார்கள். தனியாகப் பழகுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல உரைகல் இல்லை. இந்த 366 நாளில் 12 அல்லது 13 பௌர்ணமி வரும், எட்டு விழாவும் ஒரு முறை வந்து போகும். எந்தப் பருவமும் மிச்சமில்லாமல் பார்த்துவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். தினமும் பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். எழுந்ததும் அன்றைய நிலவின் நிலை, காற்று, வெயில், மனநிலை என நாலு வரி எழுதுங்கள். ஆண்டு முடியும்வரை சடங்கைப் படம் எடுத்துப் போடாதீர்கள். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். படம் எடுக்க முடியாது என்றதும் சடங்கு செய்யும் ஆசையே வடிந்துவிட்டால், ஆசைப்பட்டது எதன் மேல் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

பௌர்ணமி வழிபாட்டுக்கு அரை மணி நேரம் போதும். தரையைப் பெருக்குங்கள். ஒரு மெழுகுவத்தி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு ரொட்டி, குடிக்க ஏதாவது ஒன்று எடுத்து வையுங்கள். உப்பைத் தண்ணீரில் கலந்து, அதைத் தெளித்தபடி வலஞ்சுழியாக ஒரு சுற்று வந்து வட்டம் இடுங்கள். மரபில் வட்டத்தின் விட்டம் 9 அடி. ஒருவர் மட்டும் செய்வதற்குக் கை நீட்டிச் சுற்றும் அளவே தாராளம். பிறகு கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் நிலம் என்று நான்கு திசைகளையும் அழையுங்கள். தேவியையும் தேவனையும் உங்கள் சொந்தச் சொற்களில் வரவேற்றுவிட்டுச் சும்மா உட்காருங்கள். இந்த உட்காருதல்தான் சடங்கின் நடு. பிறகு ரொட்டியில் கொஞ்சம் படைத்து, மீதியை உண்ணுங்கள். அழைத்த எல்லோருக்கும் நன்றி சொல்லி, இடஞ்சுழியாக வட்டத்தைக் கலையுங்கள். மெழுகுவத்தியை அணைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். நடந்ததைச் சூட்டோடு சூடாக எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் நடந்தது பாதி, நடந்திருக்க வேண்டும் என்று விரும்பியது பாதியாகத்தான் இருக்கும்.

தவறு எங்கே நேரும்? பெரும்பாலும் போனில். வாசகத்தைத் திரையில் வைத்து வாசித்தால், இருட்டுக்குப் பழகிய கண் அந்த வெளிச்சத்தில் மறுபடி குருடாகிவிடும். நடுவே ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால் போன மனம் திரும்பாது. ஆறு வரி மனப்பாடம் செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த சிக்கல் மூன்றாவது, நாலாவது மாதத்தில் வரும். புதுமை போய்விடும், சடங்கு சப்பென்று இருக்கும். பலர் அப்போதுதான் புதுக் கல், குறி பார்க்கும் புதுச் சீட்டுக்கட்டு என்று வாங்கி அந்த வறட்சியை மூடப் பார்ப்பார்கள். மூடாதீர்கள். வறண்ட பௌர்ணமியையும் அப்படியே நோட்டில் எழுதுங்கள். எல்லா நம்பிக்கையிலும் இந்தக் கட்டம் வரும். இதைக் கடந்தவர்கள் அநேகமாகத் தங்கிவிடுகிறார்கள்.

ஆண்டு முடிந்ததும் நோட்டைத் திறந்து ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஏதோ வேண்டும் என்பதற்காகச் செய்த சடங்குகள் எத்தனை, எதுவும் கேட்காமல் செய்தவை எத்தனை? முதல் வகை மட்டுமே இருந்தால் உங்களுக்கு மந்திரத்தில் ஆர்வம் இருக்கிறது, சமயத்தில் இல்லை. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. மந்திரம் பழகுகிற எல்லோரும் விக்கன் அல்ல. வேறு பெயர் சொல்லிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. திடீரென்று கருப்பு உடை, கழுத்தில் ஐந்துமுனை நட்சத்திரம். ‘நான் விக்கன்’ என்கிறாள். வயசுக் கோளாறு என்று விடுவதா, கண்டிப்பதா?

முதலில் பயத்தைத் தள்ளி வையுங்கள் அம்மா. அந்த நட்சத்திரத்தின் ஐந்து முனைகள் நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆன்மா ஆகியவற்றைக் குறிக்கின்றன. விக்காவில் சாத்தான் கிடையாது, சாத்தானை வணங்குவதும் கிடையாது. அமெரிக்காவில் 1986-ல் ஒரு சிறைவாசி தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் விக்காவைச் சமயம் என்று ஏற்றது. அவர் கேட்ட பூசைப் பொருட்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தது. ஆனால் சமயம்தான் என்பதை மறுக்கவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 13,000 பேர் தங்கள் சமயம் விக்கா என்று எழுதினார்கள்.

‘இதெல்லாம் ஃபேஷன்தானே’ என்று சொல்லிவிடாதீர்கள். அதைப் பொய்யென்று காட்டுவதற்காகவே இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வாள். ‘அடுத்த பௌர்ணமி என்றைக்கு?’, ‘இந்த எட்டு விழாவில் இப்போது எது வரப்போகிறது, அது எதைக் கொண்டாடுகிறது?’, ‘யாருக்கும் தீங்கு செய்யாதே என்கிற விதி உனக்கு எங்கே கஷ்டமாக இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டாலும் தேடிப் போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னாள் என்றால், அங்கே ஒரு விதை இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு அவள் யோசித்துச் சொல்லும் பதில், உடையைவிட அதிகம் சொல்லும்.

இந்த வயதினரை ஆராய்ந்தவர்களும் உண்டு. ஹெலன் பெர்கர், டக்ளஸ் எஸ்ஸி என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் இளம் விக்கன்களிடம் விரிவாகப் பேசி 2007-ல் நூலாக்கினார்கள். சினிமாவும் டிவியும் இந்தச் சமயத்தைப் பழக்கமானதாகக் காட்டியிருக்கலாம். ஆனால் அவை மட்டுமே யாரையும் மதம் மாற்றிவிடவில்லை என்பது அவர்கள் கண்டது.

கண்டிக்க வேண்டியது இரண்டே விஷயம்: படுக்கையறையில் எரிய விட்டுத் தூங்கும் மெழுகுவத்தி, சாட்டில் பழகி ‘தீட்சை தருகிறேன், தனியாக வா’ என்று கூப்பிடும் அந்நியர். மரபை மதிக்கும் குழுக்கள் 18 வயதுக்குக் கீழ் யாரையும் சேர்ப்பதில்லை. இதை அவளிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: விக்கன்கள் சூனியம் வைப்பார்களா?

‘எவருக்கும் தீங்கின்றி, விரும்பியதைச் செய்’ என்பது அவர்களுடைய அறவிதி. செய்வது மும்மடங்காகத் திரும்பும் என்று நம்புகிறவர்களும் பலர். நம் மொழியில் ‘சூனியம்’ என்ற சொல்லே தீங்கு என்ற பொருளைச் சுமந்து நிற்பதால்தான் இந்தக் குழப்பம்.

கேள்வி: தொடங்குகிறவர் என்னென்ன வாங்க வேண்டும்? ஆன்லைனில் ‘ஸ்டார்ட்டர் கிட்’ விற்கிறார்களே?

வாங்க வேண்டாம். 2018-ல் வாசனைத் திரவியம், டாரட் சீட்டு, இடத்தைத் தூய்மையாக்கப் புகை போடும் சேஜ் இலை, ரோஜா நிறப் படிகக்கல் எல்லாம் அடங்கிய ‘தொடக்கநிலை விட்ச்’ பெட்டி ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. விக்கன்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். புனிதமாகக் கருதுவதைப் பெட்டியில் அடைத்து விற்றால் நம்புகிறவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

வெள்ளைச் சேஜ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அதையொட்டிய மெக்சிகோ பகுதியிலும் மட்டும் இயற்கையாக வளரும் செடி. அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. சந்தைக்காகக் காட்டிலிருந்து மூட்டை மூட்டையாகத் திருடப்படுகிறது. விக்கச் சடங்குக்கு அது தேவையே இல்லை. துடைப்பமும் உப்புத் தண்ணீரும் அதே வேலையைச் செய்கின்றன. புகை வேண்டுமானால் ரோஸ்மேரி போதும்.

கற்களில் ஏமாற்று அதிகம். ‘சிட்ரின்’ என்று விற்பதில் பெரும்பகுதி சூடேற்றி நிறம் மாற்றிய செவ்வந்திக்கல். நுனி கருகிய ஆரஞ்சாகவும் அடி வெள்ளையாகவும் இருந்தால் அதுதான். ‘டர்க்காய்ஸ்’ என்று தரப்படும் மலிவு நீலக் கல், சாயம் ஏற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லாக இருக்கலாம். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் சாயம் ஒட்டும். ‘கல்லை நிலவொளியில் தண்ணீரில் ஊற வை’ என்று எல்லாக் கல்லுக்கும் ஒரே அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். செலனைட் என்பது ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும், தண்ணீரில் மெல்லக் கரையும். மாலக்கைட்டில் செம்பு உண்டு. அது ஊறிய தண்ணீரைக் குடிக்கக் கூடாது. செவ்வந்திக்கல்லை நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் வெளிறிப்போகும்.

அதாமே என்கிற கருப்புப் பிடி போட்ட இருமுனைக் கத்தி மெதுவாக வரட்டும். அது எதையும் வெட்டுவதற்கு அல்ல, வட்டம் வரைய மட்டும். மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்த கார்ட்னர், மலாய்க் குத்துவாளான கிரிஸ் பற்றி 1936-ல் ஒரு நூலே எழுதியவர். அவர் உருவாக்கிய சமயத்தின் நடுவில் ஒரு கத்தி இருப்பது வியப்பில்லை.

மெழுகுவத்தியில் படத்துக்காகக் காய்ந்த இலையும் மினுக்கும் தூவுவது இப்போதைய மோகம். இலை இரண்டாவது திரியாகப் பற்றிக்கொண்டு, கண்ணாடிக் குவளையை வெடிக்க வைக்கும். திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள், ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். தூபக்கரியை ஒரு அங்குல ஆழத்துக்கு மணல் நிரப்பிய கிண்ணத்தில் வைத்து, மேலே சாம்பல் பூத்த பிறகே பொடியைப் போடுங்கள். கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும் என்பதால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: விக்கா ஆயிரக்கணக்கான ஆண்டு பழமையானது, அதைப் பின்பற்றிய 90 லட்சம் பேர் எரிக்கப்பட்டார்கள் என்கிறார்களே?

இரண்டும் சரியல்ல. 90 லட்சம் என்பது 1784-ல் வோய்க்ட் என்ற ஜெர்மானியர் போட்ட தவறான கணக்கு. இன்றைய வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு சுமார் 40,000 முதல் 50,000 வரை. இங்கிலாந்தில் தண்டனை பெரும்பாலும் தூக்கு. 1692-ல் அமெரிக்காவின் சேலத்தில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவரைக் கல் அடுக்கி நசுக்கினார்கள். அங்கே எரிக்கப்பட்டவர் எவரும் இல்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்த சாதாரண மக்கள்.

பழைய சமயம் ஒன்று ரகசியமாகத் தொடர்ந்தது என்று 1921-ல் எழுதியவர் மார்கரெட் முர்ரே. அந்தக் கருத்தை வரலாற்று ஆய்வு நிராகரித்துவிட்டது. பிரிட்டனில் 1735-ன் சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது, கார்ட்னர் 1954-ல் வெளிப்படையாக எழுதினார், விக்கா வளர்ந்தது அதன் பிறகுதான். விழாப் பெயர்களில் ‘மேபன்’ (இலையுதிர்கால விழா) 1970-களில் ஒரு அமெரிக்கர் வைத்தது.

இதைக் கேட்டு நம்பிக்கை ஆட்டம் கண்டால், அது பழமையின் மேல் கட்டிய நம்பிக்கை. எழுபது ஆண்டு வயதுள்ள சமயத்தில் ஒருவர் உண்மையாகக் கும்பிட முடியும். தவறான எண்ணைத் திருத்திக்கொள்ள மறுப்பவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் வசிக்கிறேன். எல்லோரும் அக்டோபர் 31-ல் ‘சாவின்’ என்ற இலையுதிர்கால விழாவை (இணையத்தில் ‘சம்ஹைன்’ என்கிறார்கள்) கொண்டாடுகிறார்கள். இங்கே அப்போது வசந்தமாயிற்றே?

உங்கள் கண்ணை நம்புங்கள். தென்கோளத்து விக்கன்கள் பலர் எட்டு விழாக்களின் ஆண்டுச் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிக்கொள்கிறார்கள். முன்னோரை நினைக்கும் சாவின் ஏப்ரல் 30-ஐ ஒட்டி, குளிர்கால விழாவான யூல் ஜூன் 21-ஐ ஒட்டி, பூக்காலத்து பெல்டேன் அக்டோபர் கடைசியில். வட்டத்தையும் சூரியனின் போக்குப்படி இடஞ்சுழியாகப் போடுகிறவர்கள் உண்டு. வாசலில் பூ பூத்துக் குலுங்கும்போது, அடுத்த கோளத்துப் படத்தைப் பார்த்து இலையுதிர்கால அலங்காரம் செய்வதுதான் மோகம். குளிர்காலமே இல்லாத நாட்டில் இருப்பவர்கள் அங்கே மழை எப்போது, விதைப்பு எப்போது, அறுவடை எப்போது என்று பார்த்து விழாவைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு குழு தீட்சைக்குப் பெருந்தொகை கேட்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. கார்ட்னர் வழியிலும், பின்னர் தனி மரபு தொடங்கிய அலெக்ஸ் சாண்டர்ஸ் வழியிலும் பயிற்சிக்கும் தீட்சைக்கும் காசு வாங்குவதில்லை. மெழுகுவத்திச் செலவைப் பகிர்வது வேறு. உடலுறவை நிபந்தனையாக வைப்பது, குடும்பத்தோடு பேசாதே என்பது, கேள்வி கேட்டால் கோபிப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வெளியே வந்துவிடுங்கள். தலைவருடைய ஆசிரியர் யார், அவருக்குத் தீட்சை தந்தவர் யார் என்று கேளுங்கள். மரபுக் குழு என்றால் அதைச் சொல்லத் தயங்க மாட்டார்கள்.

கேள்வி: எட்டு மாதம் மனதார செய்தேன். இப்போது பிடிப்பு இல்லை. அப்போது நடித்தேனா? சாமான்களை என்ன செய்வது?

நடிக்கவில்லை. அந்த எட்டு மாதம் உண்மை, இன்றைய விலகலும் உண்மை. அழைத்த தெய்வங்களுக்கு ஒரு கடைசி வட்டம் போட்டு, நன்றி சொல்லி விடைபெறுங்கள். சொல்லாமல் நிறுத்தியவர்களுக்குத்தான் பின்னால் மனம் உறுத்துகிறது. உப்புத் தண்ணீரை மண்ணில் ஊற்றாதீர்கள், செடி பட்டுப்போகும், சாக்கடையில் விடுங்கள். கிண்ணத்தைச் சமையலறைக்கே திருப்பிவிடலாம். குழுவில் ரகசிய உறுதி சொல்லி நகலெடுத்த ‘புக் ஆஃப் ஷேடோஸ்’ என்ற சடங்கு ஏடு இருந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். நீங்களே எழுதிய நோட்டை மட்டும் எரிக்காதீர்கள். பெட்டியின் அடியில் கிடக்கட்டும்.